எண்பத்து நான்காவது பெயர்

அத்தியாயம் 17

போன வாரம் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் பக்கத்துச் சுவரில் பட்டியல் ஒட்டினார்களே, அன்றிலிருந்து அந்த வீட்டின் இரண்டு மருமகள்களும் முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்றோடு ஐந்து நாள்.

ஒரே சமையலறை, ஒரே அடுப்பு. மூத்தவள் டீ போட்டு இறக்கினால் இளையவள் வந்து பால் காய்ச்சுவாள். "தள்ளிக்கோ" என்றுகூட ஒரு வார்த்தை கிடையாது. கரண்டி வேண்டுமென்றால், "மாமா, அந்தக் கரண்டி எங்கன்னு கேளுங்க" என்பாள் இளையவள். "வச்ச இடத்துலதான் இருக்குன்னு சொல்லுங்க மாமா" என்பாள் மூத்தவள். மாமனார் ரிட்டயரான பஸ் கண்டக்டர். இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பி அவருக்குக் கழுத்து வலி வந்ததுதான் மிச்சம்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. இருவருக்கும் வேலை ஒரே ஆஸ்பத்திரியில்தான். மூத்தவள் அடித்தளத்தில், லாண்டரியில். வெளுத்த விரிப்புகளை வண்டியில் அடுக்கி வார்டு வார்டாகத் தள்ளிக்கொண்டு போய்க் கொடுத்து, அழுக்கை அள்ளிக்கொண்டு வருகிற வேலை. பதினோரு வருஷமாகப் பார்க்கிறாள். இளையவள் ஐந்தாம் மாடி ஆபீஸில். சேர்ந்து பத்து மாதம், இன்னும் நிரந்தரமாகவில்லை. "நாம ஒரே வீடுன்னு ஆபீஸ்ல தெரிய வேண்டாம்க்கா, சிபாரிசுல வந்தேன்னு பேசுவாங்க" என்று முதல் நாளே கேட்டுக்கொண்டாள். மூத்தவளுக்கு அது வலித்தது. ஆனாலும் சரியென்று விட்டுவிட்டாள்.

நடைத் திட்டம் இளையவளின் யோசனை. உட்கார்ந்து உட்கார்ந்தே முதுகு போன ஊழியர்களை நடக்க வைக்க வேண்டும் என்று, எண்பத்து நான்கு பேர் மணிக்கட்டிலும் காலடி எண்ணுகிற பட்டையைக் கட்டிவிட்டாள். ஆளுக்குத் தினம் பத்தாயிரம் காலடி. சும்மா சொல்லக் கூடாது, திட்டம் நன்றாகவே பிடித்துக்கொண்டது. லிஃப்டுக்கு வரிசை கட்டி நின்றவர்கள் படியேற ஆரம்பித்தார்கள். மதியச் சாப்பாடு முடிந்ததும் மேஜையில் தலை சாய்க்கிற கோஷ்டி வராந்தாவில் உலாத்தியது.

எல்லாம் சரி. பட்டியலில் எண்பத்து நான்காவது பெயர், அதாவது கடைசிப் பெயர், மூத்தவளுடையது. ஒரு நாளைக்கு ஆயிரத்து எண்ணூறு காலடி.

இவ்வளவு கொஞ்சமாக நடக்கிறவளுக்கு முழு நேர வேலை எதற்கு என்று கேட்டார் நிர்வாக அதிகாரி. வண்டி தள்ளுவதைத் துப்புரவுப் பெண்கள் தலையில் கட்டிவிட்டு, அந்தப் பணியிடத்தையே எடுத்துவிடலாம் என்று குறிப்பும் எழுதிவிட்டார். மூத்தவள் இன்று மூன்று மணிக்கு அவர் அறைக்குப் போய் விளக்கம் சொல்ல வேண்டும். வேலையோடு திரும்புவாளா, வேலையைத் தொலைத்துவிட்டுத் திரும்புவாளா?

காலை ஆறு மணி. இருவரின் கணவன்மாரான அண்ணனும் தம்பியும் டயர் கடையைத் திறக்கப் போயாகிவிட்டது. மூத்தவள் பட்டையைக் கையில் மாட்டிக்கொண்டிருந்தபோது இளையவள் சமையலறை வாசலில் வந்து நின்றாள். இன்றைக்கு மாமனாரைத் தூது விடவில்லை.

"அக்கா, ஞாயித்துக்கிழமை பதினோராயிரத்து இருநூறு நடந்திருக்கீங்க."

"யாரு, நானா?"

"உங்க வாட்ச் சொல்லுது. லீவு நாள்ல பதினோராயிரம், டூட்டி நாள்ல ஆயிரத்து எண்ணூறு. சார் நேத்து சாயங்காலம் அதைப் பார்த்துட்டார். 'கால்ல தெம்பு இருக்கு, வேலை செய்யத்தான் மனசில்லை'ன்னு என் முகத்தைப் பார்த்தே சொல்றார். நான் என்ன பதில் சொல்றது?"

"ஞாயித்துக்கிழமை நான் வாசப்படியே தாண்டலை. துணி துவைச்சேன், பீரோவை ஒழிச்சேன். நீ வீட்ல இருந்திருந்தா உனக்கே தெரிஞ்சிருக்கும்."

"நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிருந்தேன்க்கா. எனக்கு எப்படித் தெரியும்? மிஷின் பொய் சொல்லுதா?"

"மிஷின் பொய் சொல்லாது, நான்தான் சொல்றேன். அப்படித்தானே?"

இளையவள் பையை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று கிளம்பிவிட்டாள். மூத்தவளுக்குச் சோம்பேறி என்ற பேர் போதாதென்று பொய்க்காரி என்ற பேரும் வந்துவிட்டதே!

முன்னறையில் மாமனாருக்குப் புரையேறியது. பாதி டீ சட்டையில்.

"அம்மா, கோவிச்சுக்காதே," என்று எழுந்து வந்தார். "உன் வாட்ச்சை நான்தான் கட்டிக்கிட்டுப் போனேன்."

"மாமா!"

"சார்ஜ் ஏறி சும்மாதான்மா கிடந்துச்சு. உன் பேரு கடைசியில இருக்குன்னு கேட்டதிலேருந்து எனக்கு மனசே சரியில்லை. நாமளாவது நாலு ரவுண்டு நடந்து ஏத்தி விடுவோமேன்னு பார்க்குக்குப் போனேன்."

"ஐயோ, ஏத்தி விட்டீங்களே, நல்லா ஏத்தி விட்டீங்க! என் வேலைக்கே உலை வச்சுட்டீங்க மாமா."

மாமனார் தலையைக் குனிந்துகொண்டார். ஆனாலும் மனுஷன் ஆசை விடவில்லை. "நிஜமாவே பதினோராயிரமா?" என்று மெல்லக் கேட்டார்.

"முட்டி வலியை வச்சுக்கிட்டு அவ்வளவு தூரம் உங்களை யாரு நடக்கச் சொன்னா?"

"எங்கம்மா நடந்தேன்? முதல் ரவுண்டுலயே முட்டி பிடிச்சுக்கிச்சு. அங்க காலையில உடற்பயிற்சி பண்ற கோஷ்டி ஒண்ணு இருக்கு, அவங்களோட பெஞ்சுல உக்காந்துட்டேன். ஒரு மணி நேரம் கையைத் தட்டு, கையை வீசு, கையைத் தட்டு, கையை வீசு. அவ்வளவுதான்."

அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ள அவளுக்கு நேரமில்லை. பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

லாண்டரியில் உலர்த்தும் இயந்திரங்கள் நான்கும் சுழன்றுகொண்டிருந்தன. உள்ளே நுழைந்தாலே முகத்தில் அனல். மூத்தவள் சூடு ஆறாத விரிப்புகளை எண்ணி அடுக்கினாள். நாற்பது விரிப்பு, அறுபது தலையணை உறை, கம்பளி பன்னிரண்டு. வண்டி அவள் தோள் உயரத்துக்கு நிறைந்தது. முன் சக்கரத்தில் ஒன்று எப்போதும் இடது பக்கம் இழுக்கும். லிஃப்டில் வண்டி ஏற்றக் கூடாது என்பதால், மாடிக்கு மாடி வளைந்து வளைந்து ஏறுகிற சாய்தளத்தில்தான் தள்ள வேண்டும்.

இரண்டு கையாலும் பிடியை இறுக்கிப் பிடித்து, உடம்பைச் சாய்த்து, மூன்றாம் மாடி குழந்தைகள் வார்டு வரை தள்ளினாள். மூச்சு வாங்க நின்றபோது மணிக்கட்டைப் பார்த்தாள். 212. கிளம்பும்போது 205 என்று பார்த்த ஞாபகம்.

மூன்று மாடிக்கு ஏழு காலடியா? நான் என்ன பறந்தா வந்தேன்?

எரிச்சலோடு ஒரு விரிப்பை எடுத்து உதறினாள். மடிப்புக் கலைந்தவற்றை உதறி மறுபடி மடித்து அலமாரியில் வைப்பது வழக்கம். பத்துப் பன்னிரண்டு விரிப்பு முடிந்ததும் யதேச்சையாகக் கண் மணிக்கட்டுக்குப் போனது. 268.

நின்ற இடத்தைவிட்டு அவள் அசையவில்லை.

கையைத் தட்டு, கையை வீசு. பெஞ்சில் உட்கார்ந்த மாமனார். பதினோராயிரம்!

மூத்தவள் வண்டியை வார்டு வாசலிலேயே நிறுத்திவிட்டுப் படியில் இறங்கி ஓடினாள். லிஃப்ட் பக்கத்துச் சுவர். எண்பத்து நான்காவது அவள். எண்பத்து மூன்றாவது, சாப்பாட்டு வண்டி தள்ளுகிற அண்ணன். எண்பத்திரண்டாவது, சக்கர நாற்காலி தள்ளுகிற அக்கா. காலையிலிருந்து சாயங்காலம் வரை கால் ஓயாத மூன்று பேரும் வரிசையாக அடியில்! நான்காவது இடத்தில் யார் தெரியுமா? பதிவேட்டு அறையில் நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து படிவங்களில் சீல் குத்துகிற எழுத்தர்.

"அடப்பாவி," என்றாள் மூத்தவள் வாய்விட்டே. "இது காலை எண்ணவே இல்லை. கையை எண்ணுது!"

சாப்பாட்டு வண்டி அண்ணனிடம் போய்ச் சொன்னாள். அவருக்கு முதலில் புரியவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு வராந்தா கடைசி வரை போய்த் திரும்பினார். அவர் பட்டையில் மூன்றுதான் ஏறியது. பிறகு நின்ற இடத்திலேயே கையை மட்டும் முன்னும் பின்னும் வீசினார். இருபது, முப்பது, நாற்பது என்று ஓடியது. அண்ணனுக்கு வந்ததே கோபம்!

"அஞ்சு நாளா என்னை 'சோம்பேறி அண்ணே'ன்னு கூப்பிடறானுங்கம்மா!"

"கொஞ்சம் பொறுங்கண்ணே. மூணு மணி ஆகட்டும்."

பட்டையைக் கழற்றிக் கணுக்காலில் வைத்துப் பார்த்தாள். வார் எட்டவில்லை. கழித்துக் கட்டிய விரிப்பு ஒன்றிலிருந்து ஒரு கீற்றுக் கிழித்து, பட்டையைக் கணுக்காலோடு சேர்த்து இறுக்கிக் கட்டினாள். மணி அப்போது பத்து. அதற்கப்புறம் அவள் தள்ளிய வேகத்தைப் பார்க்க வேண்டுமே! எதிரே வந்த நர்ஸ்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள்.

மூன்று மணி. ஐந்தாம் மாடி.

அதிகாரி போனில் பேசிக்கொண்டே அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். ஒரு கையில் போன், இன்னொரு கை காற்றில் வாள் சுழற்றியது. பட்டியலில் முதலிடம் அவருக்குத்தான், தினம் பதினாலாயிரம். மேஜை ஓரத்தில் இளையவள் கோப்போடு நின்றாள். மூத்தவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமை பதினோராயிரம். என்ன சொல்றீங்க?" என்று நேராகவே ஆரம்பித்தார் அதிகாரி.

மறைத்துவிடலாமா என்று மூத்தவளுக்கு ஒரு நொடி தோன்றியது. மாமனாரைக் காட்டிக் கொடுப்பதா? ஆனால் இந்த உண்மையைச் சொல்லாமல் மற்ற உண்மையை எப்படிச் சொல்வது?

"அது நான் நடந்தது இல்லை சார். எனக்குத் தெரியாம என் மாமனார் வாட்ச்சைக் கட்டிக்கிட்டுப் போயிட்டார். வேணும்னா அதைக் கழிச்சுக்குங்க."

"ஆள் மாறாட்டம் வேறயா! மாமனார் கட்டிக்கிட்டுப் போனார்னா நான் நம்பிடணுமா? யார் சாட்சி?"

"நான் சாட்சி சார்."

இளையவள்தான். கோப்பை மேஜைமேல் வைத்துவிட்டாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கும் அவர்தான் மாமனார். இவங்க என் மூத்த ஓர்ப்படி. எங்க மாமா இப்படிச் செய்யிற ஆளுதான் சார்."

அதிகாரி இவளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பத்து மாதமாக மூடி வைத்த விஷயம், அவள் வாயாலேயே வெளியே வந்துவிட்டது. அழுது தொலைக்கக் கூடாது என்று மூத்தவள் கைப்பிடியை இறுக்குவதுபோல் விரல்களை மடக்கிக்கொண்டாள்.

"சார், எங்க மாமா அதை நடந்து எடுக்கலை. பெஞ்சுல உக்காந்து கை தட்டினார். கை ஆடினா நடக்கறோம்னு இந்த வாட்ச் நினைச்சுக்குது. என் கை நாள் முழுக்க வண்டிப் பிடியிலதான் இருக்கு. அது ஆடாது. அதனால நான் நடக்கவே இல்லைன்னு அது எழுதிடுச்சு."

"கதை நல்லா இருக்கு."

"கதையா? அப்ப ஒரு தடவை என் வண்டியை நீங்க தள்ளிப் பாருங்க சார்."

வேறு ஆளாக இருந்தால் அங்கேயே விரட்டியிருப்பார். ஆனால் இவர் முதலிடக்காரர் அல்லவா? "நான் தினம் பதினாலாயிரம் நடக்கிறவன்மா," என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கிளம்பினார்.

அடித்தளத்தில் வண்டி நிறைந்து நின்றது. இளையவள் நோட்டை எடுத்து இருவருடைய எண்ணையும் குறித்துக்கொண்டாள். அதிகாரியின் மணிக்கட்டில் 9,310. அவர் பிடியைப் பற்றித் தள்ளினார். வண்டி நகரவில்லை. பல்லைக் கடித்துத் தள்ளினார். நகர்ந்தது, நேராகப் போய் இடது சுவரில் முட்டியது.

"சக்கரம் இழுக்கும் சார். வலது பக்கமா அழுத்திப் பிடிங்க," என்றாள் மூத்தவள், பக்கத்திலேயே நடந்தபடி.

முதல் மாடித் திருப்பத்தில் அவர் கழுத்துப் பட்டன் திறந்தது. இரண்டாம் மாடியில் நின்று முகத்தைத் துடைத்தார். "நிறுத்தினா பின்னால உருளும் சார், காலை முட்டுக் கொடுங்க!" என்று மூத்தவள் கத்த வேண்டியிருந்தது. வார்டுகளிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. சாப்பாட்டு வண்டி அண்ணன் தன் வண்டியை அம்போவென்று விட்டுவிட்டுக் கூடவே வந்தார். சக்கர நாற்காலி அக்காவும் சேர்ந்துகொண்டாள். நான்காம் மாடிக்கு வந்து சேர்ந்தபோது அதிகாரியின் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

"இப்பப் பாருங்க சார்."

பார்த்தார். 9,331.

"இருபத்தொண்ணா?" அவருக்கு முகத்தில் ஈயாடவில்லை. "நாலு மாடிக்கு இருபத்தொண்ணா?" பட்டை பழுதோ என்று மணிக்கட்டை உதறினார்.

"அப்படி ஆட்டாதீங்க சார், ஏறிடும்!" என்றார் சாப்பாட்டு வண்டி அண்ணன்.

ஏறியே விட்டது. 9,338. நர்ஸ்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒரு டாக்டர் பொத்தாமலே சிரித்தார்.

மூத்தவள் காலைச் சற்றே நீட்டினாள். இளையவள் குனிந்து பார்த்து நோட்டில் கழித்துப் போட்டாள். "ஆயிரத்து நாற்பது சார். இந்த ஒரு ஏத்தத்துக்கு மட்டும்."

அதிகாரி சுவரில் சாய்ந்து நின்றார். மூச்சு வந்த பிறகு கேட்டார். "ஒரு நாளைக்கு இப்படி எத்தனை தடவை?"

"பதினாறு சார். இறங்கறது தனி."

அவர் சாய்தளத்தை ஒரு முறை எட்டிப் பார்த்தார். "இதை எப்படித் துப்புரவு ஆட்களோட சேர்க்கிறது? இதுக்கு இன்னொரு ஆளே வேணும்," என்றார். "அந்தக் குறிப்பைக் கிழிச்சுப் போட்டுடறேன். ரெண்டாவது ஆளுக்கு எழுதறேன்."

மூத்தவளுக்குத் தலைகால் புரியவில்லை. இருந்த வேலையைக் காப்பாற்ற வந்தவளுக்குத் துணைக்கு ஆளும் கிடைக்கிறதே! சாப்பாட்டு வண்டி அண்ணன் வார்டு என்றும் பாராமல் விசிலடித்தார்.

ஆனால் அதிகாரியின் பார்வை இளையவள் பக்கம் திரும்பிவிட்டது. சிரிப்புக்கு ஆளான மனுஷனுக்கு யார் மேலாவது கோபப்பட வேண்டாமா?

"இந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தது நீங்கதானே?"

"ஆமா சார். கட்டறதுக்கு முன்னால கீழ இறங்கி வந்து யாரு என்ன வேலை செய்யறாங்கன்னு பார்த்திருக்கணும். பார்க்கலை. தப்பு என்னோடதுதான்."

"திட்டம் நாளையோட போதும். நிறுத்திடுங்க. உங்க நிரந்தரத்தைப் பத்தி நாளைக்குக் காலையில பேசறேன்."

இளையவள் தலையாட்டினாள். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். சுற்றி நின்றவர்களின் சிரிப்பு அடங்கிவிட்டது. இனி மூத்தவள் பேசாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போயிருக்கலாம். அவள் வேலைதான் நிலைத்துவிட்டதே. ஐந்து நாள் பட்ட அவமானத்துக்கு இது சரியாகப் போயிற்று என்றுகூட நினைத்திருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்?

"நிறுத்தாதீங்க சார்," என்றாள் மூத்தவள்.

"ஏம்மா? உங்களைக் கடைசியில போட்ட திட்டம்தானே?"

"பதினோரு வருஷமா தள்ளறேன் சார். நான் எவ்வளவு நடக்கறேன்னு இதுக்கு முன்னால ஒருத்தரும் கேட்டது இல்லை. நானே எண்ணிப் பார்த்தது இல்லை. இந்தப் பொண்ணுதான் முதல்முதலா எண்ணணும்னு நினைச்சா. தப்பாத்தான் எண்ணினா, இல்லேங்கலை. இப்பதான் எண்ணவே ஆரம்பிச்சிருக்கீங்க. அதுக்குள்ள நிறுத்திடாதீங்க சார்."

அதிகாரி வியர்வையைத் துடைத்தபடி லிஃப்டை நோக்கிப் போய்விட்டார்.

ஐந்து மணிக்கு ஷிஃப்ட் முடிந்தது. லிஃப்ட் பக்கத்துச் சுவரில் இருந்த பட்டியலை இளையவள் தன் கையாலேயே உரித்து எடுத்தாள். வீட்டுக்குக் கிளம்பிய கூட்டம் அப்படியே நின்றது. மூத்தவளை முன்னால் இழுத்து நிறுத்தி, அவள் கணுக்காலைப் பார்த்து உரக்கப் படித்தாள்.

"பதினைஞ்சாயிரத்து இருநூத்தி நாற்பது! காலையில பத்து மணி வரைக்கும் நடந்தது இதுல சேரலை!"

கூடம் அதிரக் கைதட்டினார்கள். சீல் குத்துகிற எழுத்தர்தான் எல்லோரைவிடவும் பலமாகத் தட்டினார். பார்த்துக்கொண்டே இருந்த மூத்தவளுக்குக் கண் நிறைந்து வழிந்தது. துடைக்கவும் தோன்றவில்லை. சந்தோஷமாக இருந்தது, அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

பஸ் நிறுத்தத்துக்கு இருவரும் சேர்ந்தே நடந்தார்கள்.

"மன்னிச்சிடுங்கக்கா."

"சரி, விடு."

"நாளைக்குக் காலையில சார் கூப்பிடுவார். வேண்டாம்னு சொல்லிட்டார்னா?"

"நீ தைரியமா உள்ள போ. நான் வண்டியை நிறைச்சு அவர் அறை வாசல்ல குறுக்கால நிறுத்திடுவேன். உன் நிரந்தரக் கடிதம் வெளிய வந்தாத்தான் அவர் வெளிய வர முடியும்."

இளையவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "விளையாடாதீங்கக்கா."

"யாரு விளையாடறா?" என்றாள் மூத்தவள். அவள் சிரிக்கவே இல்லை. "நாற்பது விரிப்பு போதாது. நாளைக்குக் கம்பளியா ஏத்தறேன்."